மாடியில் தக்காளி: செடி செழிக்கிறது, காய் ஏன் நிற்பதில்லை?

வேளச்சேரி மாடி:

கத்தரியும் வெண்டையும் அவரையும் சென்னை மொட்டைமாடியில் ஓரளவுக்குச் சொன்னபடி கேட்கும்போது, தக்காளி மட்டும் ஏன் இப்படிப் போக்குக் காட்டுகிறது என்பதே என் கேள்வி. தை மாதக் கடைசியில் விதைத்த செடிகள் இப்போது, சித்திரையில், இடுப்புயரம் வளர்ந்து கரும்பச்சை இலைகளோடு நிற்கின்றன. கொத்துக் கொத்தாகப் பூவும் வைக்கின்றன. ஆனால் பூக்காம்பின் நடுவில் ஒரு சிறு கணு இருக்கிறதல்லவா, அது முதலில் மஞ்சளாகிறது. மறுநாள் விரல் பட்டாலே பூ அந்த இடத்தில் கழன்று விழுந்துவிடுகிறது. காலையில் பைகளைச் சுற்றித் தரையெல்லாம் மஞ்சள் பூக்கள்தாம்.

கிடைத்த ஆலோசனை எதையும் நான் ஒதுக்கவில்லை. தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவைத்த தேமோர்க் கரைசல் தெளித்தாயிற்று. புளித்த மோரில் பெருங்காயம் கலந்து தெளித்தாயிற்று. பஞ்சகவ்யா, மீன் அமிலம், கடலைப் பிண்ணாக்குக் கரைசல் என்று முறை வைத்துக் கொடுத்தாயிற்று. செடி மேலும் பருத்ததே ஒழியப் பிஞ்சு தங்கவில்லை. இந்தக் குழுவில் படம் போடுகிறவர்கள் எல்லோரும் கூடை நிறையப் பழம் காட்டுகிறீர்கள். அந்தப் படம் எந்த மாதத்தில் எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதினால் என் போன்றவர்களுக்கு உபகாரமாக இருக்கும். தக்காளியில் உங்களுக்கு வாய்த்த சந்தோஷம் எது, ஏமாற்றம் எது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பெரியகுளத்தார்:

வணக்கம். தோட்டக்கலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று விரிவாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் பதிவிலேயே விடை இருக்கிறது: தையில் விதைப்பு, சித்திரையில் பூ. தக்காளியின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதி, ஆண்டிஸ் மலையை ஒட்டிய நிலம். பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிர்ச்சியும் அதற்கு வேண்டும். இரவு வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் காலத்தில்தான் பூக்கள் நன்றாகப் பிஞ்சாகின்றன. 24 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால் காய்ப்பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பகல் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போகும்போது மகரந்தம் மலடாகிறது. மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி மகரந்தக் கூம்பைவிட்டு வெளியே நீண்டுவிடுவதும் உண்டு, அப்படி நீண்ட பூவில் தன் மகரந்தம் தன்மேலேயே விழும் வாய்ப்பும் போய்விடுகிறது. சென்னையில் சித்திரை வைகாசி இரவுகளில் வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அதிலும் பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு முழுவதும் அந்தச் சூட்டைக் கக்கிக்கொண்டிருப்பதால், மாடியிலுள்ள செடிக்கு வானிலை அறிக்கை சொல்வதைவிட வெப்பமான இரவே கிடைக்கிறது. கருவுறாத பூவைச் செடி வைத்துக்கொள்ளாது. நீங்கள் பார்த்த அந்தக் கணுவில்தான் அதைக் கழற்றிவிடும்.

மோரும் பெருங்காயமும் இரவின் சூட்டைத் தணிக்கப் போவதில்லை. மேலும், மீன் அமிலமும் பிண்ணாக்குக் கரைசலும் தழைச்சத்து மிகுந்தவை. பூக்கும் காலத்தில் அவற்றைத் தொடர்ந்து கொடுத்தால் இலைதான் அடர்ந்து வரும்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். பைகளைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல்லின் மேலோ பலகையின் மேலோ தூக்கி வையுங்கள். உச்சிவெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். காலை ஒன்பதிலிருந்து பதினொரு மணிக்குள் பூங்கொத்தின் காம்பை ஒரு குச்சியால் மெதுவாகத் தட்டிவிடுங்கள். தக்காளிப் பூவின் மகரந்தம் கூம்பு போன்ற குழாய்க்குள் அடைந்து கிடக்கிறது, அதிர்ந்தால்தான் கொட்டும். தச்சுத் தேனீயும் நீலப்பட்டைத் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு ரீங்கரித்து அந்த அதிர்வைத் தருகின்றன. கூட்டில் வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. ஆனால் மகரந்தமே மலடாகிவிட்டால் எவ்வளவு தட்டியும் பயனில்லை. சென்னைக்குத் தகுந்த கணக்கு, புரட்டாசியில் நாற்றுவிட்டு ஐப்பசிக் கடைசியில் பைக்கு மாற்றி, மார்கழி தையில் பூவும் மாசி பங்குனியில் பழமும் எடுப்பதுதான். நான் அறிந்தவரை வீட்டுத் தக்காளியில் வரும் ஏமாற்றங்களில் பெரும்பாதி மாதத்தைத் தப்பாகப் பிடித்ததால் வருவதுதான். அதைப் பராமரிப்பின் குறையென்று எண்ணி மருந்து தேடிக்கொண்டிருக்கிறோம்.

கோவை வடவள்ளி:

ஐயா சொல்வதை என் தோட்டமும் சொல்கிறது. கோவையில் மார்கழி தை இரவுகள் 18, 19 டிகிரிவரை இறங்குவதால் அந்தப் பருவத்துச் செடிகளில் முதல் கொத்திலிருந்தே காய் நிற்கும். நான் போடுகிற படங்கள் எல்லாமே மாசி மாதப் படங்கள்தாம், வேளச்சேரி அண்ணா. ஆவணியில் என் மாடியைப் பார்த்தால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

சந்தோஷம் எது என்று கேட்டீர்கள். பழம் கைக்கு வருவதற்கு வெகு நாள் முன்பே அது தொடங்கிவிடுகிறது. பக்கக் கிளைகளைக் கிள்ளும்போது எழுகிற அந்த வாசனையை எனக்கு வேறெந்தச் செடியிலும் கண்டதாக நினைவில்லை. கிள்ளி முடித்துப் பார்த்தால் விரல் நுனியெல்லாம் கரும்பச்சையாகப் பிசின் ஏறியிருக்கும். கையைக் கழுவச் சோப்புப் போட்டால் நுரை மஞ்சள் பச்சையாக வரும், துண்டில் துடைத்தால் துண்டிலும் கறை பிடிக்கும். தண்டிலும் இலையிலும் இருக்கிற நுண்ணிய மயிர்களின் நுனியில் சுரக்கும் பசைதான் அது. சிறு பூச்சிகள் அதில் ஒட்டிக்கொண்டு இறந்து கிடப்பதை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் தெரியும்.

ஏமாற்றத்துக்கு மயில் ஒன்றே போதும். காய் சிவக்கத் தொடங்கும் நாளை அதற்கு யார் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை. வலை கட்டாமல் எங்கள் பகுதியில் தக்காளி வளர்ப்பது மயிலுக்காக வளர்ப்பதுதான்.

மதுரைக் கணக்கன்:

எல்லோரும் கோபித்துக்கொள்ளக்கூடிய ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். ஒரு க்ரோ பேக், அதற்குத் தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கு, தாங்கு குச்சி, வலை, மாடிக்கு ஏற்றும் தண்ணீருக்கான மின்சாரம் எல்லாவற்றையும் கூட்டி, ஒரு பையில் நல்லபடியாக விளைந்தால் கிடைக்கும் சில கிலோவால் வகுத்துப் பாருங்கள். ஒட்டன்சத்திரத்திலும் பாலக்கோட்டிலும் வரத்து பெருகிய நாட்களில் விவசாயி பறிகூலிக்கும் கட்டாமல் சாலையோரம் கொட்டுகிற அதே பழத்தை, நாம் பல மடங்கு செலவில் வீட்டில் விளைவித்துவிட்டுப் பெருமைப்படுகிறோம். பொழுதுபோக்கு என்றால் எனக்கு ஆட்சேபம் கிடையாது. சிக்கனம் என்று சொல்லி மற்றவரை இழுத்துவிடுவதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வேளச்சேரி மாடி:

2023 ஜூலையில் சென்னையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி விற்றபோது, அரசே பண்ணை பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்ததே, அந்த நாளிலும் உங்கள் கணக்கு இதே விடையைத்தான் தருமா?

மதுரைக் கணக்கன்:

தரும், ஏனென்றால் அந்த ஜூலையில் உங்கள் மாடியில் பழம் இருந்திருக்காது. சந்தையில் விலை ஏறுவதற்குக் காரணமான அதே கோடை வெப்பமும் அடுத்து வரும் மழையும்தான் மாடியிலும் காயை நிற்கவிடாமல் செய்கின்றன. உங்களுக்குப் பழம் குவிகிற மாசி பங்குனியில் ஊரெல்லாம் தக்காளி மலிந்து கிடக்கும். ஐயா சொன்ன வெப்பக் கணக்கை விலைப் பட்டியலின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். விலை ஏறும்போது கைகொடுக்கும் என்று நம்பித் தக்காளி வளர்ப்பவர் ஏமாறுவார்.

கோவை வடவள்ளி:

இதை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை. இருந்தாலும் பொங்கலுக்குப் பிறகு இரண்டு மாதம் கடைக்குத் தக்காளிக்கென்று போகாமல் இருப்பதில் ஒரு கர்வம் இருக்கத்தான் செய்கிறது, அதற்கு எந்த நெடுவரிசையில் தொகை எழுதுவீர்கள் என்று தெரியவில்லை.

உறையூர் புதியவள்:

எல்லோருக்கும் வணக்கம். நான் முதல்முறையாகத் தக்காளி வைத்திருக்கிறேன். செடிகளில் இலை சுருள்கிறது. நாற்று வாங்கின கடையில் கேட்டதற்கு 'வைரஸ், பிடுங்கிப் போடுங்கள்' என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா 'வெயிலுக்குச் சுருள்கிறது, விட்டுவிடு' என்கிறார். இரண்டு செடிகளில் அடி இலைகள் மட்டும் குழல் போல மேல்நோக்கி மடிந்திருக்கின்றன, பச்சையாகத்தான் இருக்கின்றன. மூன்றாவது செடியில் நுனியிலுள்ள சின்ன இலைகள் கிண்ணம் போலக் குவிந்து, ஓரம் வெளிறி, செடியே வளராமல் குறுகிவிட்டது. மூன்றையும் பிடுங்குவதா, வேண்டாமா? பிடுங்க மனம் வரவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

பெரியகுளத்தார்:

அம்மா, நீங்கள் பார்த்து எழுதியிருக்கிற விதத்திலேயே வேறுபாடு தெளிவாக இருக்கிறது. அடி இலைகள் மட்டும் தடித்து, பச்சை மாறாமல் மடிவது நோயின் அறிகுறி அல்ல. வெயில், காற்று, வேருக்குப் போதாத ஈரம் ஆகியவற்றுக்குச் செடி செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அந்த இரண்டையும் காப்பாற்றுங்கள்.

மூன்றாவது செடிக்கு வந்திருப்பது இலைச்சுருள் வைரஸ் என்னும் நச்சுயிரிதான் என்று தோன்றுகிறது. வெள்ளை ஈ மூலம் பரவும் நோய் இது. செடியை அசைத்தால் இலையின் அடியிலிருந்து மாவு தூவினாற்போல் பறக்குமே, அவைதாம். நச்சுயிரி உள்ளே புகுந்த செடியை மீட்கும் மருந்து எதுவும் கிடையாது. வேப்பெண்ணெய்க் கரைசலும் மஞ்சள் ஒட்டுப்பொறியும் ஈயைக் குறைக்கும், நோயைப் போக்கா. அந்தச் செடியை வைத்திருந்தால் அங்கே சாறு உறிஞ்சிய ஈ மற்ற இரண்டிலும் போய் உட்காரும். எனவே இன்றே அதன்மேல் ஒரு பையைக் கவிழ்த்து, ஈ பறந்துவிடாதபடி மூடி, வேரோடு எடுத்து அகற்றிவிடுங்கள்.

அடுத்த முறை நாற்றை விலைக்கு வாங்காமல் நீங்களே விடுவது நல்லது. நாற்றுப் பருவத்தில் நோய் தாக்கினால் அந்தச் செடியில் காய் எதிர்பார்க்க முடியாது. நன்றாக வளர்ந்து காய் பிடித்த பிறகு தாக்கினால் இருக்கிற காயாவது தேறும். ஆகவே விதை முளைத்ததிலிருந்து நடவு வரை உள்ள அந்த மூன்று நான்கு வாரங்கள்தாம் முக்கியம். கண் நெருக்கமான நைலான் வலைக்குள் குழித்தட்டை வைத்து வளர்த்தால் பாதிக் கவலை தீர்ந்தது. சாதாரணக் கொசுவலையின் கண் வழியே வெள்ளை ஈ நுழைந்துவிடும் என்பதைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

உறையூர் புதியவள்:

எடுத்துவிட்டேன், ஐயா. மிக்க நன்றி.

யாழ் வீட்டுத்தோட்டம்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை எங்கள் நாட்டில் தடை செய்ததும், அடுத்த ஆண்டு வந்த பொருளாதார நெருக்கடியும் எங்களில் பலரை வீட்டுத்தோட்டத்துக்குத் திருப்பின. அப்போது தொடங்கிய பழக்கம் எனக்கு விட்டுப்போகவில்லை. எங்கள் பக்கத்திலும் மாரி மழை ஓயும் நேரம் நட்டு, தை முதல் பங்குனி வரை பழம் எடுப்பதுதான் வழக்கம். அந்த நாளில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையிலும் பழம் மலிந்துவிடும் என்பதால் மதுரை அன்பர் சொல்வது இங்கும் பொருந்தும்.

நான் சொல்ல வந்தது வேறு. பழத்தின் அடிப்பக்கம், பூ இருந்த இடம், முதலில் நீர் கோத்தாற்போல் மங்கி, பின்னர் கறுத்துத் தோல் போலக் காய்ந்து குழி விழுவதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். சுண்ணச்சத்துக் குறைவு என்று சொல்லி முட்டைக் கோதை இடித்துப் போடச் சொல்வார்கள். எங்கள் நிலமே சுண்ணக்கல். கிணற்று நீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் உட்புறம் வெள்ளையாகப் படியும். அப்படிப்பட்ட நீரை ஊற்றியும் எனது சாடிகளில் இந்த அழுகல் வந்தது. சத்து மண்ணில் இருந்தும் பழத்தின் நுனிவரை போய்ச் சேரவில்லை என்பதுதான் இதன் பொருள். சுண்ணச்சத்து நீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். அதிலும் அதிகமாக நீராவி விடுகிற இலைக்குத்தான் முதலில் போகும், பழத்துக்கு மிச்சம்தான். ஒரு நாள் மண் வெடிக்கும்வரை காயவிட்டு மறுநாள் குளமாக ஊற்றினால், காய்ந்த அந்த நேரத்தில் பருத்துக்கொண்டிருந்த காய்களில் அழுகல் தோன்றும். காலையும் மாலையும் அளவாக நீர் விட்டு, சாடியின் மேல் வைக்கோல் மூடாக்குப் போட்ட பிறகு எனக்கு அது பெரும்பாலும் நின்றுவிட்டது. முட்டைக் கோது மக்கிச் சத்தாக மாறுவதற்குள் அந்தச் செடியின் காலமே முடிந்துவிடும்.

பெரியகுளத்தார்:

முழுவதும் உடன்படுகிறேன். நார்க்கழிவில் வளர்ப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். கட்டியாக வரும் நார்க்கழிவில் உப்பும் சாம்பல்சத்தும் மிகுந்திருக்கும். அது சுண்ணச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மையும் கொண்டது. ஊறவைத்துப் பிழிந்தால் தேநீர் நிறத்தில் இறங்கும் நீர் வெளுக்கும்வரை பலமுறை அலசிய பிறகே கலவையில் சேர்க்க வேண்டும். சென்னையில் கடலோரப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரே உப்பாக இருக்கிறது; அங்கே மழைநீரைப் பிடித்து அலசினால் நல்லது.

மதுரைக் கணக்கன்:

இன்னொரு கல்லையும் எறிந்துவிடுகிறேன். வீட்டுத் தக்காளியின் சுவையே தனி என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எங்கள் வீட்டில் மாடிப் பழத்திலும் சந்தையில் வாங்கின நாட்டுப் பழத்திலும் தனித்தனியாக ரசம் வைத்து, எது எதுவென்று சொல்லாமல் பரிமாறச் சொன்னேன். யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சுவை நாக்கில் இருக்கிறதா, உழைத்த களைப்பில் இருக்கிறதா?

கோவை வடவள்ளி:

ரசத்தில் புளியும் மிளகும் பெருங்காயமும் பூண்டும் சேர்ந்த பிறகு யாரால் பிரித்துச் சொல்ல முடியும்? பழத்தை அப்படியே நறுக்கி உப்புத் தூவிச் சாப்பிட்டுப் பாருங்கள். அதோடு, நீங்கள் நாட்டுப் பழத்தோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். கெட்டித் தோலோடு வரும் பெங்களூர்த் தக்காளியோடு ஒப்பிட்டிருந்தால் விடை மாறியிருக்கும்.

பெரியகுளத்தார்:

இந்தச் சர்ச்சையில் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சுவையை முதலில் தீர்மானிப்பது ரகம், அடுத்தது பறிக்கும் பருவம். மாடி, வயல் என்ற வேறுபாடெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து வந்த பி.கே.எம். 1 ரகத்தைப் பலரும் வளர்த்திருப்பீர்கள். தேனிக்குப் பக்கத்து அண்ணஞ்சி ஊரின் பெயரால் வழங்கிய உள்ளூர் ரகத்தில் சடுதிமாற்றம் உண்டாக்கித் தேர்ந்தெடுத்தது அது. தட்டையான உருண்டை, காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக ஒரு வளையம். அந்தப் பச்சைத் தோள் பார்வைக்கு அழகில்லை என்று வணிகர்கள் விரும்பாததால், உலகெங்கும் வணிக ரகங்களில் ஒரே சீராக வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும் தன்மையைத் தேடிப் பல பத்தாண்டுகள் பயிர்ப்பெருக்கம் செய்தார்கள். 2012இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வந்த கட்டுரை, அந்தச் சீரான நிறத்தைத் தரும் மரபணுவின் கதையை விளக்கியது: பச்சைத் தோளை உண்டாக்கும் மரபணு காயில் பச்சையம் கொண்ட பசுங்கணிகங்களைப் பெருக்கி அங்கேயே கொஞ்சம் சர்க்கரையையும் தயாரிக்க உதவுகிறது, சீரான நிறம் வேண்டுமென்று தேர்ந்தெடுத்தபோது அந்த மரபணு செயலிழந்த ரகங்களைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆகவே காம்போரம் கரும்பச்சையாக இருக்கிற காயைக் கண்டால் முகம் சுளிக்காதீர்கள்.

பறிக்கும் பருவத்தைப் பொறுத்தவரை, தொலைதூரச் சந்தைக்குப் போகும் காய் பச்சையாகவோ நிறம் திரும்பும் முன்போ பறிக்கப்படுகிறது. வீட்டில் நிறம் திரும்பிய பிறகு பறிக்கலாம். அதற்குப் பின் செடியில் விட்டாலும் அறையில் வைத்தாலும் சுவையில் பெரிய வேறுபாடு வராது, அணிலிடமிருந்து தப்பும். கோடையில் அப்படிச் செய்வதே நல்லது. 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி உருவாவது தடைப்படுவதால், கடும் வெயிலில் செடியிலேயே பழுப்பவை ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிடும். பறித்த பழத்தைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். 12 டிகிரிக்குக் கீழே மணம் போய்விடுகிறது. இவ்வளவு பாடுபட்டு வளர்த்துவிட்டுக் குளிர்பெட்டியில் வைப்பவரின் பழத்துக்கும் கடைப் பழத்துக்கும் மதுரை நண்பர் வேறுபாடு காணாவிட்டால் அதில் வியப்பில்லை.

ஸ்கார்பரோ பின்வளவு:

கனடாவில் டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கிறேன். உங்களுக்கு இரவுச் சூடு எதிரி என்றால் எங்களுக்கு உறைபனி. மார்ச் மாதம் வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் நாற்று விட்டு, மே மாதப் பிற்பாதியில் விக்டோரியா தினம் கழிந்த பிறகே வெளியே நடுகிறோம். அதற்கு முன்னால் அவசரப்பட்டால் ஓர் இரவுப் பனியில் செடி கறுத்துவிடும். ஆனால் நட்டபின் ஜூலை, ஆகஸ்டில் கிடைப்பது நீண்ட பகலும் பெரும்பாலும் குளிர்ந்த இரவும். எந்த மோரும் தெளிக்காமலே வேலியோரம் முழுவதும் காய் தொங்கும். இங்குள்ள தமிழ் வீடுகளில் ஓகஸ்ட் மாதத்தில் யார் யாரைப் பார்க்கப் போனாலும் ஒரு பை தக்காளியோடுதான் திரும்ப வேண்டும், வேண்டாம் என்றால் மனக்கசப்பு வந்துவிடும்.

எங்கள் ஏமாற்றம் செப்டெம்பர் கடைசியில் வரும். செடி நிறையப் பச்சைக் காய் இருக்கும்போதே குளிர் இறங்கிவிடும். எல்லாவற்றையும் பறித்து, பருத்தவற்றைச் செய்தித்தாளில் சுற்றி நிலவறையில் ஒரு வாழைப்பழத்தோடு வைத்தால் ஒவ்வொன்றாகப் பழுக்கும், சிறியவை பழுக்கமாட்டா. அவற்றைக் கடலைப்பருப்போடு வேகவைத்துத் தேங்காய் அரைத்து விட்டுக் கூட்டுச் செய்வோம். துவையலுக்கும் மிக நன்று. பழத்தைவிடப் பச்சைத் தக்காளிதான் எங்கள் வீட்டில் முதலில் தீர்கிறது.

திருவையாற்றுக் கொல்லை:

மாடி இல்லாத வீடு எங்களுடையது. முறையாக விதைத்து, குச்சி நட்டு, பொழுதுக்கும் கவனித்த செடியைவிடக் கொல்லையில் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில் தானாக முளைத்தது அதிகமாகக் காய்க்கிறது. வாழையின் கீழே கிடக்கிறது, தண்டு தரையில் படர்கிறது, யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. இதற்கு விஞ்ஞானத்தில் விளக்கம் உண்டா என்று பெரியகுளத்து ஐயா சொல்ல வேண்டும்.

பெரியகுளத்தார்:

உண்டு. தானாக முளைத்தது தனக்கேற்ற ஈரமும் சூடும் வாய்த்த நேரத்தில்தான் முளைத்திருக்கும், மாதத்தைத் தேர்ந்தெடுத்தது விதையே. நாற்றைப் பிடுங்கி நடும்போது அறுபடுகிற ஆணிவேர் அதற்கு அறுபடவில்லை. வாழை நிழலில் தரை சூடேறுவதில்லை, நீரும் சீராகக் கிடைக்கிறது. தரையில் படரும் தண்டு மண்ணைத் தொடும் இடமெல்லாம் வேர் விடுகிறது. காய்க்காமல் பட்டுப்போன எத்தனையோ முளைகளை நாம் கவனித்திருக்க மாட்டோம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பிழைத்தது மட்டும்தானே கண்ணில் படுகிறது.

நாட்டுவிதை நேசன்:

இத்தனை பேசிவிட்டு விதையைப் பற்றிப் பேசாமல் விட்டால் எப்படி? நல்ல செடியில் நன்றாகப் பழுத்த பழத்தைப் பிழிந்து, சாறோடு விதையை ஒரு கண்ணாடிக் குவளையில் இரண்டு நாள் புளிக்க வைத்தால் விதையைச் சுற்றியுள்ள வழவழப்பு கரைந்து, நல்ல விதை அடியில் தங்கும். அலசி நிழலில் உலர்த்தினால் பல ஆண்டுகளுக்கு முளைப்புத் திறன் இருக்கும். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் ரகம் எளிதில் கலந்துவிடாது. வீரிய ஒட்டு விதையை வாங்கி வாங்கிக் கையேந்துவதைவிட இதில் சுதந்திரம் இருக்கிறது.

வேளச்சேரி மாடி:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக் போன்ற வீரிய ஒட்டு ரகங்கள் இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும் என்கிறார்கள். ஒரே செடியில் 19 கிலோ எடுத்த விவசாயியைப் பற்றி நாளிதழ்களிலும் படித்தோமே?

நாட்டுவிதை நேசன்:

அது சொட்டுநீரும் கரையும் உரமும் பந்தலும் உள்ள வயல். பன்னிரண்டு அங்குலப் பையில் அந்த எண்ணை எதிர்பார்ப்பவர் அடுத்த ஏமாற்றத்துக்கு இப்போதே விதை போடுகிறார்.

பெரியகுளத்தார்:

எண் பொருந்தாது என்பது சரி. நோய் தாங்கும் தன்மை பையிலும் பொருந்தும். முதல்முறை வளர்ப்பவர் அத்தகைய ரகத்தில் தொடங்கிப் பழத்தைக் கண்ணால் பார்த்துவிடட்டும் என்பதே என் கருத்து. அதிலிருந்து விதை எடுத்தால் மட்டும் அடுத்த தலைமுறை தாயைப் போல இராது. மனம் ஊன்றிய பிறகு நாட்டு ரகத்துக்குப் போகலாம். பாக்டீரியா வாடல் உள்ள மண்ணில், இலை பச்சையாக இருக்கும்போதே ஒரு மதியத்தில் செடி முழுவதும் துவண்டு மறுநாள் எழாத இடத்தில், சுண்டைக்காய்ச் செடியை வேர்ச்செடியாக வைத்துத் தக்காளியை ஒட்டுக்கட்டும் முறையும் இருக்கிறது. நாட்டு ரகத்தை விடவும் மனமில்லை, வாடலும் தொல்லை என்பவர்களுக்கு அது ஒரு வழி.

வேளச்சேரி மாடி:

அனைவருக்கும் நன்றி. சித்திரைச் செடிகளை இந்த வாரத்தோடு எடுத்துவிட்டு அந்தப் பைகளில் வெண்டையும் கொத்தவரையும் போடப் போகிறேன். புரட்டாசியில் நைலான் வலைக்குள் பி.கே.எம். 1 பாதி, அர்க்கா ரக்ஷக் பாதி நாற்று விடுவதாக உத்தேசம். இன்னும் ஒரே ஒரு சந்தேகம்: ஐப்பசிக் கடைசியில் பைக்கு மாற்றினால், வடகிழக்குப் பருவமழை ஓயும் முன் இளஞ்செடிகள் நனைந்து அழுகிவிடாதா? மழைக்குப் பிறகு காய் வெடிப்பதாகவும் சொல்கிறார்களே?

பெரியகுளத்தார்:

பைகளை மதிற்சுவரின் ஓரமாக நகர்த்தி, மேலே மட்டும் ஒளிபுகும் தாளைச் சாய்வாகக் கட்டுங்கள். பக்கங்களை மூடாதீர்கள், காற்று அடைபட்டால் இலைக்கருகல் வரும். பையின் அடித்துளைகள் அடைபடாமல் பாருங்கள். அடியிலிருந்து ஒரு சாண் உயரம் வரையுள்ள இலைகளைக் கிள்ளிவிட்டால் மண் தெறித்து நோய் ஏறுவது குறையும். காய் வெடிப்பு உங்களுக்குப் பெரிதாக வராது, ஏனென்றால் உங்கள் செடி காய்க்கும்போது மழை ஓய்ந்திருக்கும். தை மாதத்தில் எதிர்பாராத மழை அறிவிப்பு வந்தால் மட்டும், நிறம் திரும்பிய காய்களை முந்தின நாளே பறித்து உள்ளே வைத்துவிடுங்கள். காய்ந்த மண்ணில் திடீரென்று நீர் இறங்கும்போதுதான் தோல் தாங்காமல் காம்பைச் சுற்றி வெடிக்கிறது.